செவ்வாய்க்கிழமைக் கண்ணாடி

பெரியவளுக்கும் சின்னவளுக்கும் அப்பா எழுதுவது.

உங்கள் அம்மாவின் கண்ணில் ஒரு நாளும் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை செய்தார்கள் என்று சின்னவள் ஒரு சீட்டைக் கொண்டுவந்தாள். போர்டு மங்கலாகத் தெரிகிறது, கண்ணாடி போட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. சீட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, எனக்கும் அம்மா மாதிரிதான் ஆவுமா? நானும் மாசா மாசம் ஆஸ்பத்திரிக்குப் போணுமா?" என்று கேட்டாள். "அதெல்லாம் இல்லம்மா, போய்ப் படி" என்று அனுப்பிவிட்டேன். அப்போதிலிருந்து எனக்கு வேலையில் கை ஓடவில்லை. நான் சொன்ன ஒரு பொய், சுற்றிச் சுற்றி வந்து என் பிள்ளையின் கண்ணிலேயே உட்கார்ந்துகொண்டது.

பெரியவளே, உனக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் எட்டாவது வரை படித்தவன். பெங்களூரில் படிக்கிற உங்களுக்கும் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். மெதுவாகப் படியுங்கள்.

அம்மா கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள் என்று உங்களுக்குத் தெரியும். தைத்து வருகிற சட்டைகளில் தையல் பிசகியிருக்கிறதா, நூல் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. பத்து வருஷம் அதையே பார்த்துப் பார்த்து, பஸ்ஸில் முன்னால் நிற்கிறவர் சட்டையில் நூல் தொங்கினால்கூட அவளுக்குக் கை பரபரக்கும். "ஏங்க, அந்தாளு காலர்ல பாருங்க, எனக்குப் புடுங்கணும் போல இருக்கு" என்று என் காதில் சொல்லுவாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தீபாவளி முடிந்த பிறகு, பெரியவளே, உன் யூனிஃபார்ம் பாவாடையில் ஓரம் பிரிந்து தொங்கியது. இரண்டு வாரம் அப்படியே பள்ளிக்கூடம் போய் வந்தாய். அம்மா அதைப் பார்க்கவே இல்லை. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அந்தப் பாவாடையைப் பார்த்தே நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். குளிக்கப் போனால் வாளி நிரம்பி வழியும், உள்ளே சத்தமே இருக்காது. அரிசியைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கையை எடுக்க மறந்து உட்கார்ந்திருப்பாள். விடிவதற்கு முன்பே எழுந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கேட்டால் ஒரே வார்த்தைதான் சொல்லுவாள்.

"பேஜாரா இருக்குங்க."

நான் குடியாத்தம் பக்கத்துக்காரன். எங்கள் பக்கம் பேஜார் என்றால் தொந்தரவு, ரோதனை. "சும்மா பேஜார் பண்ணாத" என்போம். ஆகவே அவள் சொல்லும்போதெல்லாம், வீடு தொந்தரவாக இருக்கிறது, பிள்ளைகள் தொந்தரவு, நான் தொந்தரவு என்று சொல்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் பீன்யா ஃபேக்டரியிலிருந்து களைத்து வந்த நேரத்தில் அதையே சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எனக்கு மட்டும் என்ன? பத்து மணி நேரம் மிஷின் முன்னாடி நின்னுட்டு வரேன். யாருக்குத்தான் பேஜார் இல்ல?"

அவள் தட்டை எடுத்து வைத்தாள். அதற்குப் பிறகு அந்த வார்த்தையைக்கூட என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டாள். அது ஒரு பெரிய தப்பு. அதை நான் எங்கேயும் இறக்கி வைக்க முடியாது.

சாப்பாடு குறைந்து, வளையல் முழங்கை வரை ஏறத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. முதலில் நாங்கள் போனது, சின்னவள் பிறந்த ஆஸ்பத்திரிக்கு. கம்பெனி எடுத்துக் கொடுத்த இன்சூரன்ஸ் கார்டு அங்கேதான் செல்லும். ஆனால் கார்மென்ட்ஸ் கம்பெனி ஊருக்கு வெளியே மாறிப்போனபோது அம்மா வேலையிலிருந்து நின்றுவிட்டாள் அல்லவா? கார்டும் அதோடு நின்றுவிட்டது. கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இது முடிஞ்சு போச்சு. உங்க கம்பெனி கார்டு இருந்தா குடுங்க" என்றார். எனக்கு ஏது கார்டு? நான் கான்ட்ராக்டில் இருக்கிறவன். சம்பளம் கையில் வரும், கார்டு வராது. அம்மா அந்தப் பழைய கார்டை வாங்கி, துடைத்து, மறுபடியும் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

அடுத்தது, மெயின் ரோட்டில் ஒரு தனியார் கிளினிக். ஏசி போட்டு, மீன் தொட்டி எல்லாம் வைத்திருந்தார்கள். டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாகத்தான் பேசினார். பேச்சுச் சிகிச்சை வேண்டும், வாரா வாரம் வர வேண்டும் என்றார். வெளியே ஃபீஸ் கட்டும் இடத்தில் அந்தப் பெண் சொன்ன தொகை, ஒரு தடவைக்கே என் மூன்று நாள் கூலி. அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்க போலாம். இவ்ளோ குடுத்து இங்க வந்து அழறதுக்கு, நான் வீட்லயே அழுதுக்கறேன்."

சிரிக்கிற மாதிரி இருந்தாலும் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. வீட்டுக்கு நடந்தே வந்தோம். பஸ் இருந்தது, இருவருக்கும் ஏறத் தோன்றவில்லை.

அதற்கப்புறம் ஒரு மாதம் நான் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் திரிந்தேன். கால் உடைந்தால் எங்கே போவது, காய்ச்சலுக்கு எங்கே போவது, எல்லோருக்கும் தெரியும். இதற்கு எங்கே போவது என்று கேட்டால் முதலில் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். வேலை செய்யும் இடத்தில் ஒருவரிடம் பட்டும் படாமல் கேட்டுப் பார்த்தேன். "யாருக்கு? உனக்கா? அதான பார்த்தேன்" என்று சிரித்தார். அதோடு விட்டுவிட்டேன்.

வழி கிடைத்தது தற்செயலாகத்தான். மிஷினில் தகடு கீறி உள்ளங்கை கிழிந்துவிட்டது. நம் வார்டு சுகாதார நிலையத்துக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். நர்ஸம்மா கட்டுப் போட்டு முடித்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

"ரத்தம் நின்னுடுச்சு அண்ணா. இன்னும் ஏன் உக்காந்திருக்கீங்க?"

"கை சரியாயிடும் மேடம். வீட்ல அவளுக்குத்தான்..." என்று ஆரம்பித்தேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. வெளியே ஊசிக்கு நின்றிருந்த குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. நர்ஸம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இதுக்கா இப்படித் திரிஞ்சீங்க? கவர்மென்ட் ஆஸ்பத்திரிலயே மனோவைத்தியர் வர்றாங்க. நம்ம பக்கத்துக்குச் செவ்வாய்க்கிழமை. ஓபி சீட்டு சும்மா கொஞ்ச காசுதான், மாத்திரை அங்கேயே குடுப்பாங்க. ஆதார், ரேஷன் கார்டு ரெண்டும் எடுத்துக்குங்க. காலைல ஏழு மணிக்கே போயி நில்லுங்க, எட்டுக்குப் போனா வரிசை ரோட்டுக்கு வந்துடும்." ஒரு காகிதத்தில் ரூம் நம்பரும் எழுதிக் கொடுத்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

இனிமேல்தான் பொய் வருகிறது. ஸ்ரீராம்புரத்தில் நம் சந்து எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். காலை ஏழு மணிக்குக் கணவனும் மனைவியுமாகக் கிளம்பினால், எங்கே என்று கேட்காமல் யார் விடுவார்கள்? மெண்டல் டாக்டர் என்று தெரிந்தால் நாளைக்குப் பெரியவளுக்கு ஒரு வரன் வரும்போதுகூட அதைச் சொல்லுவார்கள் என்று எனக்கு ஒரு பயம். பெரியவளே, உனக்கு அப்போது பதினைந்து வயதுதான். அப்பன் புத்தி எங்கெல்லாம் ஓடுகிறது பார். "கண்ணுன்னு சொல்லிடலாம்" என்றேன். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் மெஜஸ்டிக் போய், நடைபாதைக் கடையில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்தேன். பெரிய கண்ணாடி. பாதி முகத்தை மூடிவிடும்.

முதல் செவ்வாய்க்கிழமை, அதைப் போட்டுக்கொண்டு அம்மா வெளியே வந்ததும் எதிர்வீட்டு அக்கா குழாயடியிலிருந்து குரல் கொடுத்தார்.

"என்னாடி இது, சினிமாக்காரி கணக்கா கெளம்பிட்ட? ஷூட்டிங்கா?"

"கண்ணுல கொஞ்சம் கோளாறுக்கா, டாக்டர்கிட்ட போறோம்" என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்.

"ஐயோ பாவம். பொறை வந்துடுச்சா? இந்த வயசுலயா?" என்றார். நம் சந்து முழுக்க அன்று மத்தியானத்துக்குள் அம்மாவுக்குக் கண்புரை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வரிசையில் எங்களுக்கு முன்னால் முப்பது பேர். எல்லோரும் நம்மைப் போலத்தான். கட்டடவேலைக்காரர், ஆட்டோக்காரர், குழந்தையை இடுப்பில் வைத்த ஒரு பெண். ஒருவரும் கத்தவில்லை, சட்டையைக் கிழிக்கவில்லை. நான் சும்மா பயந்துகொண்டிருந்தேன். எங்கள் முறை வர மணி பதினொன்றரை ஆகிவிட்டது.

டாக்டர் ஒரு பெண். சின்ன வயதுதான். அம்மா கன்னட மீடியத்தில் படித்தவள் என்பதால் டாக்டரிடம் கன்னடத்திலேயே பேசினாள். பஸ்ஸுக்கும் கடைக்கும் வேண்டிய கன்னடம் எனக்குத் தெரியும், அதனால் ஓரளவு புரிந்தது. என்ன தொந்தரவு என்று டாக்டர் கேட்டார். அம்மா மெதுவாக, "தும்பா பேஜாரு, மேடம்" என்றாள். ரொம்பப் பேஜார் என்று.

நான் திடுக்கிட்டேன். ஐயோ, டாக்டரிடமும் போய் நான் ரோதனை பண்ணுகிறேன் என்று சொல்கிறாளே என்று நினைத்தேன். ஆனால் டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. பேனாவை வைத்துவிட்டு, அவளைப் பார்த்து, "எஷ்டு தினதிந்த பேஜாரு?" என்று கேட்டார். எத்தனை நாளாக என்று. அவர் கேட்ட விதத்தில், இழவு வீட்டில் கேட்பதுபோல் ஒரு தணிவு இருந்தது. அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பெரிய கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் கன்னத்தில் இறங்கியது.

டாக்டர் என்னிடம் தமிழ் மாதிரி ஒரு தமிழில் கேட்டார். "உங்க கிட்ட இவங்க ஒண்ணுமே சொல்லலியா?"

"சொன்னா மேடம். பேஜாரா இருக்குன்னு சொன்னா. தினமும் சொன்னா. எங்க ஊர்ல பேஜார்னா... தொந்தரவுன்னு அர்த்தம் மேடம்."

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள்.

"கன்னடத்துல மனசு கஷ்டத்துக்குத்தானேங்க பேஜாருன்னு சொல்றது? அப்ப நான் உங்களத்தான் தொந்தரவுன்னு சொல்றேன்னு நெனச்சுட்டீங்களா?"

"ஆமா."

மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அதுவும்தான்" என்றாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். அம்மாவும், அழுகைக்கு நடுவில், ஒரு வினாடி. நாலு மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது. என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷம். தெரியாத வார்த்தையாக இருந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டிருப்பேன். தெரிந்த வார்த்தை என்பதால்தான் கேட்கவே இல்லை.

பிறகு டாக்டர் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அம்மாவிடம் தனியாகப் பேசினார். பத்து நிமிஷம் இருக்கும். என்ன பேசினார்கள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. வெளியே வரும்போது அவள் கையில் காகிதக் கவரில் மாத்திரைகள் இருந்தன.

மாத்திரை போட்டதும் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அப்படி ஆகவில்லை. முதல் மூன்று வாரம் தூங்கி விழுந்தாள், வாய் வறண்டது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய், அப்புறம் மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொரு தடவையும் அதே வரிசை, அதே பெஞ்சு. ஒரு நாள் சம்பளமும் போய்விடும். சூப்பர்வைசர் ஒரு நாள் எல்லோர் முன்னாலும் கேட்டார். "என்னய்யா, செவ்வாய்க்கிழமை ஆனா லீவு போடற? செவ்வாய் ஆனா மூடறதுக்கு நீ என்ன சலூன் கடையா வெச்சிருக்க?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவருக்கும் கண் என்றுதான் சொல்லியிருந்தேன்.

நான் செய்த இரண்டாவது தப்பையும் எழுதிவிடுகிறேன். மூன்றாவது மாதம் அம்மா சாப்பிட ஆரம்பித்தாள், தூங்கினாள். சரியாகிவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். "இனிமே எதுக்கு? மாத்திரை உடம்புக்குச் சூடு" என்று சொல்லிப் போகாமல் நிறுத்தினேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அலுத்துவிட்டது. அந்த வரிசையில் போய் நிற்க என் காலுக்குத் தெம்பில்லை. நாற்பது நாள் கூட ஆகவில்லை. வாளி மறுபடியும் நிரம்பி வழிந்தது. கதவைத் தட்டிக்கொண்டே நின்றேன். அவள் திறக்கிறவரை எனக்கு உயிர் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆறரைக்கே போய் நின்றோம். டாக்டர் திட்டவில்லை. சீட்டைப் புரட்டிப் பார்த்து, "நீங்க வராத ரெண்டு தடவையும் இவங்க பேரைக் கூப்பிட்டோம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு தடவையும் விடவில்லை. மாற்றம் எப்போது வந்தது என்று கேட்டால் எனக்கு ஒரு நாள்தான் ஞாபகம் இருக்கிறது. இந்த வருஷம் மழை ஆரம்பித்த சமயம். ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மா திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்தாள். சட்டைக் கையின் விளிம்பில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. குனிந்து அதைப் பல்லால் கடித்து எடுத்து ஜன்னலுக்கு வெளியே ஊதினாள்.

"இத்தோடவா வேலைக்குப் போறீங்க? யாராச்சும் பார்த்தா என்னைத்தான் சொல்லுவாங்க."

கையை அவள் பிடியிலேயே விட்டுவைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

"இது வேணாங்க. இதைப் போட்டா மத்தியானமே சாயங்காலம் மாதிரி இருக்கு."

சந்துக்குள் நுழையும்போது, எதிர்வீட்டு அக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்னாடி, கண்ணாடி காணோம்? கண்ணு சரியாயிடுச்சா?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"கண்ணு எப்பவும் நல்லாத்தாங்க்கா இருந்துச்சு. மனசுதான் சரியில்லாம இருந்துச்சு. அதுக்குத்தான் டாக்டர்கிட்ட போயிட்டு இருக்கேன். மாத்திரை சாப்புடறேன்."

கீரைக்காம்பு கையிலேயே நின்றது. நான் பையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றேன். அந்த அக்கா காம்பைக் கீழே போட்டார். பிறகு, "அடப் போடி. கண்ணாடி உனக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். முறத்தை நகர்த்தி வழி விட்டார். நாங்கள் படியேறும்போது பின்னாலிருந்து, "சாப்டியாடி?" என்று கேட்டார். அவ்வளவுதான் நடந்தது. இதற்காகத்தான் நான் ஒன்றரை வருஷம் பயந்துகொண்டிருந்தேன்.

உள்ளே வந்ததும், "பசங்ககிட்டயும் சொல்லிடலாங்க" என்றாள் அம்மா. நான்தான், பரீட்சை முடியட்டும், பள்ளிக்கூடம் திறக்கட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். சின்னவளே, உன் கண் பயம் அங்கிருந்து வந்தது. உனக்குக் கிட்டப்பார்வை, அவ்வளவுதான். கண்ணாடி போட்டால் போர்டு தெரியும். அம்மாவுக்கு வந்தது வேறு. இன்னும் முழுசாகப் போகவில்லை. இப்போதும் மாத்திரை உண்டு, மாதம் ஒரு செவ்வாய்க்கிழமையும் உண்டு. உங்களில் யாருக்காவது என்றைக்காவது அப்படி வந்தால், எந்த மொழியில் வேண்டுமானாலும் என்னிடம் சொல்லுங்கள். என்ன அர்த்தம் என்று நான் கேட்பேன்.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். தமிழ் எழுத்து அவளுக்கு வராது. "அதுவும்தான்னு சொன்னேனே, அதை எழுதினீங்களா?" என்று கேட்டாள். எழுதியிருக்கிறேன் என்றேன்.

ஒன்று மட்டும் அவளுக்கும் தெரியாது. நூலைக் கடித்து எடுத்த அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பினேன். ஆறு மணி பஸ். நல்ல மழை மூட்டம், வெயிலே இல்லை. பஸ்ஸில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள், தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. கடைசி சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். சட்டைப்பையில் கை விட்டபோது அந்தக் கறுப்புக் கண்ணாடி இருந்தது. எடுத்து, சட்டை ஓரத்தால் துடைத்து, நான் போட்டுக்கொண்டேன். பீன்யா வரும்வரை, கன்னம் காயும்வரை கழற்றவில்லை.